கூண்டுக் காவலுக்கு நான் வரமாட்டேன்

ஒரகடம்,
ஞாயிற்றுக்கிழமை.

கடல்பூ மகளிர் மீன் வளர்ப்புக் குழுவின் தலைவியும், கொடுவா மீன்களுக்குத் தாயும், இடையிடையே எனக்கு வீட்டுக்காரியுமான மாண்புமிகு பிரகாசிக்கு, உன் புருஷன் அந்தோணிராஜ் வணக்கத்தோடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உன் சுகத்தையும், மஸ்கட்டில் இருக்கும் மகள் மருமகன் சுகத்தையும், மிதவைக் கூண்டுகளில் இருக்கும் மீன்களின் சுகத்தையும், கழிமுகத்தில் மழைத் தண்ணீர் வடிந்து உப்புத் தண்ணீர் ஏறிவிட்டதா என்பதையும் அறிய ஆசை. பங்குச்சாமியாரைக் கேட்டதாகச் சொல். அவர் என்னைக் கேட்டாரா என்று எழுத வேண்டாம், கேட்டிருக்க மாட்டார்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்பாய். வேறு வழியில்லாதவன் எழுதுகிறான். போனில் கூப்பிட்டால் நீ எந்நேரமும் கூண்டுப் பலகை மேல்தான் நிற்கிறாய். காற்று இரைகிறது, கேக்கல கேக்கல என்கிறாய், நான் கத்துகிறேன், நான் கத்துவது இங்கே கம்பெனி கேட் வரைக்கும் கேட்டு ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், உனக்கு மட்டும் கேட்கவில்லை. போன வியாழக்கிழமை என்ன நடந்தது? எவனோ கூண்டு வலையை அறுத்துவிட்டான், மீன் கொஞ்சம் போய்விட்டது, இன்னொரு தடவை இப்படிப் போனால் அறுவடைக்கு ஒன்றும் மிஞ்சாது, அதனால் ராத்திரிக் காவலுக்குக் குழுப் பெண்கள் வீட்டு ஆம்பளைகளில் ஒருவரைப் போடப் போகிறோம், இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கூடி முடிவெடுப்போம் என்று சொன்னாய். சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டாய். அடுத்து என்ன சொல்லப் போகிறாய் என்று நானும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். “சரி, சங்காயம் வந்துட்டு, வைக்கேன்” என்று வைத்துவிட்டாய். விற்காத பொடிமீன் ஒரு கூடை தீனிக்கு வந்து இறங்கியதும் கட்டின புருஷன் அவ்வளவுதான். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது, கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காவல் வேலைக்கு நான் வரமாட்டேன். நீ கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்பதற்காகச் சொல்கிறேன். என்னை இங்கே விடமாட்டார்கள். எனக்கு இங்கே இருக்கிற பொறுப்பு என்ன, மரியாதை என்ன என்று உனக்கு விவரமாகச் சொன்னதில்லை, சொல்ல வந்தபோதெல்லாம் உனக்குச் சங்காயம் வந்துவிடும், இப்போது சொல்கிறேன், கேள்.

நான் வந்து சேர்ந்தபோது என்னைக் கேட்டில்தான் நிறுத்தினார்கள். இந்தக் கம்பெனி கார்க் கதவுக்குக் கைப்பிடி செய்கிறது. கார் வேறு யாரோ, கதவு வேறு யாரோ, நாங்கள் கைப்பிடி மட்டும். பெரிய ஆட்கள் காரில் வந்தால் சல்யூட் அடிக்க வேண்டும் என்று ஏஜென்சி சூப்பர்வைசர் சொன்னான். கறுப்புக் கண்ணாடிக்குள் எவன் பெரியவன் எவன் டிரைவர் என்று நமக்கு எப்படித் தெரியும்? எதற்கு வம்பு என்று நான் எதையும் விடவில்லை. தண்ணீர் லாரிக்கு அடித்தேன், கேன்டீனுக்கு வெங்காயம் கொண்டுவருகிற குட்டி யானை வண்டிக்கு அடித்தேன், கழிவு அள்ளுகிற வண்டிக்கு அடித்தேன், அந்த டிரைவர் பயந்துபோய் இறங்கித் தானும் ஒன்று அடித்தான். ஒருநாள் மானேஜர் கார் ரிப்பேர் என்று ஸ்கூட்டரில் வந்தார். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்து, உள்ளே யாரைப் பார்க்கணும் என்று கேட்டுவிட்டேன். மறுநாள் முதல் எனக்குக் கேட் இல்லை.

என்னை எங்கே போடுவது என்று சூப்பர்வைசர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் மேதா மேடம் வந்தது. மேடம் என்றால் பெரிய மனுஷி என்று நினைக்காதே, நம் மகளைவிடச் சின்னப்பிள்ளை. ஸ்ரீபெரும்புதூரில் கோயிலுக்குப் பின்தெருவில் வீடு, அப்பா தோத்தாத்ரி கோயில் கைங்கரியத்தில் இருக்கிறார், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத குடும்பம். அந்தப் பிள்ளைக்குக் கம்பெனியில் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற பிரிவு. இங்கே கக்கூஸ் தண்ணீர், கேன்டீன் கழுவுகிற தண்ணீர் எல்லாம் தொட்டி தொட்டியாக மாறிச் சுத்தமாகிக் கடைசியில் ஒரு குளத்துக்கு வரும். தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்பதற்குச் சாட்சியாக அதில் மீன் விட்டிருக்கிறார்கள். ரோகு, கட்லா, அப்புறம் இந்தப் பக்கத்தில் ஜிலேபி என்று ஒரு மீனைச் சொல்கிறார்கள், பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதே. மீன் உயிரோடு இருந்தால் கம்பெனி நல்ல கம்பெனி. பிடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, தின்னக் கூடாது, சும்மா உயிரோடு இருக்க வேண்டும், அதுதான் அந்த மீன்களுக்கு உத்தியோகம். இரண்டு வருஷமாக எனக்கும் ஏறக்குறைய அதுதான்.

நீங்கள் மீன்பிடித் தொழிலா அங்கிள், அப்போ மீனைப் பற்றி எல்லாம் தெரியுமே என்று அந்தப் பிள்ளை கேட்டது. தெரியும் என்று சொல்லிவிட்டேன். மீனைப் பிடிக்கத் தெரியும், வலையிலிருந்து கழற்றத் தெரியும், ஐஸ் போடத் தெரியும், கருவாடு போடத் தெரியும், ஒரு மீனைச் சாகடிக்காமல் வைத்திருப்பது எப்படி என்று எங்கள் அப்பனும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அவன் அப்பனும் சொல்லித் தரவில்லை. முதல் நாள் காலையில் தீனி வாளியோடு கரையில் போய் நிற்கிறேன், பிரகாசி, குளத்தில் இருக்கிற மீன் அத்தனையும் திரண்டு என்னைப் பார்த்து வருகிறது. நான் பயந்து இரண்டு எட்டுப் பின்னால் போய்விட்டேன். ஆயுசு பூராவும் என்னைக் கண்டு ஓடின மீனைத்தான் பார்த்திருக்கிறேன், என்னைத் தேடி வந்த மீனைப் பார்த்ததில்லை. பழகப் பழக அது எனக்குப் பிடித்துப்போய்விட்டது. இந்த ஊரில் என்னைப் பார்த்ததும் கிட்டே வருகிற சீவன் அதுகள் மட்டும்தான்.

வெளிநாட்டு ஆட்கள் வந்தால் மேடம் அவர்களை நேராகக் குளத்துக்குத்தான் கூட்டி வரும். நான் ஒரு கை தீனியை வீசுவேன், மீன் துள்ளும், அவர்கள் வாயைப் பிளப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். இந்நேரம் ஜப்பானிலும் கொரியாவிலும் எத்தனையோ வீட்டில் என் போட்டோ இருக்கிறது. முழு ஆள் இருக்காது. ஓரத்தில் ஒரு பூட்ஸ் கால் இருக்கும், அது நான்தான். இப்படியாகப் பல தேசம் அறிந்த ஆளாக நான் இருக்கிறேன் என்பதை உன் குழுக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லி வை.

தங்கியிருக்கிற இடத்துக்கும் குறைவில்லை. பிள்ளைப்பாக்கத்தில் கன்னியப்பன் என்று ஒருவர், வயலை விற்ற காசில் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். எங்கள் ரூமில் என்னையும் சேர்த்து நாலு பேர், மற்ற மூன்றும் நம் தெற்கத்திப் பையன்கள், அதில் சங்கரன்கோவில் மணிகண்டபிரபு தங்கமான பிள்ளை. ஆனால் நாலு பேருக்கும் வேறு வேறு ஷிப்ட், அதற்கு மேல் ஓ.டி. நான் எழும்பும்போது அவன் வந்து விழுவான், அவன் எழும்பும்போது நான் குளத்தில் நிற்பேன். பாயைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் இப்போதுதான் ஒருத்தன் எழும்பிப் போயிருக்கிறான் என்று தெரிந்துகொள்வேன். அவன் முகத்தைவிட அவன் குறட்டைதான் எனக்கு நல்ல பழக்கம். தூங்குகிற பையன்களை எழுப்பக் கூடாது என்று பகலில் நான் விளக்கைப் போடுவதில்லை, டிவி இல்லை, தட்டைக்கூடச் சத்தமில்லாமல் கழுவப் பழகிவிட்டேன். கடல் இரைச்சலில் ஒரு படகிலிருந்து மறு படகுக்குப் பேசின ஆள் நான், இப்போது என் தொண்டை எனக்கே அந்நியமாகிவிட்டது. பேச வேண்டும் போல இருந்தால் குளத்துக்குத்தான் போகிறேன்.

பேச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. கம்பெனியில் என்னைச் செக்யூரிட்டி என்கிறார்கள், மேடம் அங்கிள் என்கிறது, ரூமில் அண்ணாச்சி, கன்னியப்பன் பெரியவரே என்பார். அந்தோணி என்று ஒருத்தன் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆகிறது. நீயும் பெயர் சொல்ல மாட்டாய், இஞ்சேருங்க என்பாய். ஆனால் அந்த இஞ்சேருங்க எனக்கு மட்டும் உள்ளது, வேறு எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். சரி, அதை விடு, எதையோ எழுத வந்து எதையோ எழுதுகிறேன்.

உப்புச் சங்கதியை நீ வேறு யார் வாயிலாகவாவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் இங்கே விடாமல் மழை, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறப்பார்களா மாட்டார்களா என்று எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் குளிரில் குளத்து மீன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தீனியை வீசுகிறேன், வாளியைத் தட்டுகிறேன், ஒன்றும் என் பக்கம் வரவில்லை. மேடம் ஒரு கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் போயிருந்தது. நான் கரையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஒரு கை தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்தேன், முகத்தைச் சுளிக்காதே, சுத்தம் பண்ணின தண்ணீர்தான், சப்பென்று இருந்தது. எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. உப்பு இல்லாத தண்ணீரில் மீன் எப்படி இருக்கும்? எனக்கே இந்த ஊரில் காற்றில் உப்பு இல்லாமல் மூச்சு சரியாக இறங்குவதில்லை, அதுகள் எத்தனை நாள்தான் பொறுக்கும் என்று நினைத்தேன். கேன்டீன் மாஸ்டரிடம் கெஞ்சிக் கல்லுப்பு மூட்டை இரண்டு வாங்கி வந்தேன். மூட்டை மேலே தூத்துக்குடி என்று அச்சடித்திருந்தது. ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. கொஞ்ச நேரம் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பிரித்து, குளத்தைச் சுற்றி நடந்து நடந்து கொட்டினேன்.

தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்று பார்க்கக் குளத்து வாயில் ஒரு மீட்டர் வைத்திருக்கிறார்கள். அது எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்கெல்லாம் சேதி சொல்லும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? சங்கு ஊத ஆரம்பித்தது. பம்பு எல்லாம் தானாக நின்றது. ஹெல்மெட் போட்டவன் போடாதவன் எல்லாம் ஓடுகிறான், லைனில் ஏதோ அமிலம் கசிந்து குளத்துக்கு வந்துவிட்டது என்கிறான் ஒருத்தன், குழாய் உடைந்துவிட்டது என்கிறான் இன்னொருத்தன், ஒவ்வொரு மூடியாகத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து ஓடி மும்முரமாகத் தேடினேன். எந்தப் பாவி பண்ணினானோ என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லவும் செய்தேன். நான் பண்ணினதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை, நான் நல்லதல்லவா பண்ணியிருந்தேன்.

மேடம் பட்டுப் புடவையோடு கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்து இறங்கியது. மீட்டரைப் பார்த்தது, குளத்தைப் பார்த்தது, கடைசியில் என்னைப் பார்த்தது. நான் அப்போது காலி மூட்டையை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து களைப்பாறிக்கொண்டிருந்தேன். மீன் வாடிக் கிடந்தது மேடம், அதுதான் கொஞ்சம் உப்பு போட்டேன் என்றேன். அந்தப் பிள்ளை தலையில் கையை வைத்துக்கொண்டது. “அங்கிள், இது ஏரி மீன். பொறந்ததுலேந்து உப்பையே பார்த்ததில்ல” என்றது. எனக்கு நம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது. மீன் என்றால் மீன்தானே.

அப்புறம் குளத்தை இறைத்து நல்ல தண்ணீர் விட வேண்டியதாகிவிட்டது. அதுவரைக்கும் மீனையெல்லாம் கேன்டீன் அண்டாக்களில் போட்டுக் கை கழுவுகிற இடத்தில் வைத்து என்னைக் காவல் வைத்தார்கள். அண்டா என்றால் மீனுக்குப் பயம் வராதா? ஒரு கட்லா துள்ளி விழுந்து, ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் கால்களுக்கு நடுவில் புகுந்து, விரல் வைக்கிற மெஷின் வரைக்கும் போய்விட்டது. என் முழங்கால் மடங்கவில்லை, நான் குனிவதற்குள் அது இன்னும் தள்ளிப் போகிறது. அவ்வளவு ஆம்பளைகளும் சுற்றி நின்று போனில் படம் எடுக்கிறான்களே தவிர ஒருத்தனும் தொடவில்லை. மேடம்தான் பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்து அண்டாவில் விட்டது. கண்ணில் தண்ணீர் நிற்கிறது, சிரிக்கவும் செய்கிறது. மீனைத் தொடுவது அதுதான் முதல் தடவையாம். அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் அங்கிள் என்று என்னிடம் சத்தியம் வாங்கியது. தோத்தாத்ரி சாமியை நான் எங்கே பார்க்கப் போகிறேன்.

அன்றைக்கு என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. அவர்கள் அனுப்பிவிட்டால் நானாக வந்ததாக ஆகாது, பார். மேடம் மானேஜரிடம் போய்ப் பேசிக் காப்பாற்றிவிட்டது. நல்ல பிள்ளை, நன்றாக இருக்கட்டும், ஆனால் அதற்கு அவ்வளவு அவசரம் வேண்டாம். இப்போது குளத்துக்குப் பக்கத்தில் ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். உப்பு போடக் கூடாது என்று தமிழில், இங்கிலீஷில், இந்தியில். இந்த ஒரகடத்தில் அப்படிப் போடக் கூடியவன் ஒரே ஒருத்தன், அவன் நிற்கிற இடத்துக்கு நேரே போர்டு. போன வாரம் வந்த கொரியாக்காரர்கள் மீனை விட்டுவிட்டு அந்தப் போர்டைத்தான் போட்டோ எடுத்தார்கள்.

இன்னொரு சேதி. எனக்கு இங்கே கிராக்கி எப்படி என்று தெரிந்துகொள். கன்னியப்பன் நிலத்தில் மண் எடுத்த பள்ளம் ஒன்று மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. அதில் மீன் விடலாம், நீங்கள் கூட இருந்து பார்த்துக்கொண்டால் போதும் என்று வாடகை வாங்க வருகிறபோதெல்லாம் கேட்கிறார். அங்கே உப்பு போடலாமா என்றும் கேட்டுக்கொண்டேன், போடாமல் இருந்தால் நல்லது என்றார். அவரிடம் பேச்சுவாக்கில் உன் குழுவைப் பற்றிச் சொன்னேன். கடலில் படகுக்கு மீன் குறைந்துபோய், டீசல் விலைக்குக்கூடக் கட்டாமல் ஆம்பளைகள் ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகு, தலைச்சுமை மீன் விற்ற பெண்கள் சேர்ந்து கழிமுகத்தில் கூண்டு போட்டுக் கொடுவா வளர்க்கிறார்கள், போன அறுவடையில் தங்கமாரி வீட்டுக் கூரை மாறியது, என் வீட்டுக்காரிதான் தலைவி என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், காவலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்றும் சொல்லித் தொலைத்தேன். அந்த மனுஷன் வெற்றிலையை மென்றுகொண்டு என்னையே பார்த்தார். “இன்னா பெரியவரே, ஊர்ல ஆள் தேடிக்கினு கீறாங்கன்ற. உன்ன ஏன் கூப்புடல?” என்றார். கூப்பிட்டார்கள், நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன் என்று சொன்னேன். பெரிய வெள்ளிக்கிழமைக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஞாபகப்படுத்து.

இப்போது காவலுக்கு யாரைப் போடலாம் என்று உனக்கு யோசனை சொல்வது என் கடமை. எனக்கு வேண்டும் என்பதற்காக இல்லை, குழுவின் நன்மைக்காகச் சொல்கிறேன். முப்பிடாதி பெயர் அடிபடுவதாகச் சொன்னாய். தங்கமாரி புருஷன், நல்ல மனுஷன்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவன் உப்பளத்து ஆள். பகல் வெயிலில் நின்றே பழகியவன், ராத்திரி இருட்டினால் தானாகச் சாய்ந்துவிடுவான், வலையை அறுக்க வருகிறவன் அவனுக்குப் போர்வை போர்த்திவிட்டுப் போவான். நீச்சலும் தெரியாது. உன் சித்தப்பா மகன் வேண்டவே வேண்டாம், அவனுக்கு முதல் கொடுவாவைப் பார்த்ததும் குழம்பு ஞாபகம் வந்துவிடும். உனக்கு வேண்டியது எப்படிப்பட்ட ஆள் என்றால், கடல் தெரிந்தவனாக இருக்க வேண்டும், கடலுக்குப் போக முடியாதவனாகவும் இருக்க வேண்டும். வலை கிழிந்தால் அங்கேயே உட்கார்ந்து முடிச்சுப் போட்டுச் சரிபண்ணத் தெரிய வேண்டும். முழங்கால் கொஞ்சம் சரியில்லாமல் இருந்தால் நல்லது, இருக்கிற இடத்தை விட்டுப் போகமாட்டான். மீன் வளர்ப்பில் இரண்டு வருஷம் அனுபவம் இருந்தால் விசேஷம். செக்யூரிட்டி வேலை பார்த்தவன், வெளிநாட்டார் முன்னால் நின்று பழகியவன் கிடைத்தால் விடாதே. உப்பைப் பற்றி அவனுக்கு ஏற்கெனவே பாடம் ஆகியிருந்தால் அதைவிட என்ன வேண்டும், உன் கூண்டிலோ எல்லாம் உப்புத் தண்ணீர், அவன் எவ்வளவு போட்டாலும் கேட்க நாதியில்லை. இப்படி ஒரு ஆள் நம் பக்கத்தில் இருக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை, நீதான் யோசித்துப் பார்க்க வேண்டும்.

யோசித்து என் ஞாபகம் வந்தால், நான் முதலிலேயே சொல்லிவிட்டேன், என்னால் வர முடியாது. தலைவி தன் புருஷனுக்கே வேலையைக் கொடுத்துவிட்டாள் என்று நாலு பேர் சொல்வார்கள், அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் நீ கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நியாயம்தான். ஆனால் கேட்டிருக்கலாம் பிரகாசி. நான் வேண்டாம் என்று சொல்வதற்காவது ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

மற்றபடி வேறு விசேஷமில்லை. கொடுவாக்களைப் பெரிது சிறிது பார்த்துத் தரம் பிரித்துப் போடு, இல்லாவிட்டால் பெரியது சிறியதைத் தின்றுவிடும், இதை எனக்குச் சொன்னதே நீதான் என்றாலும் நானும் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். குளிர்ந்த காற்றில் தலையில் துணி கட்டாமல் நிற்காதே. மாதா உன்னையும் கூண்டுகளையும் பெண்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். வலை அறுத்தவனை மட்டும் கொஞ்ச நேரம் வெளியே விடட்டும். மகள் போனில் வந்தால் அப்பா மிகவும் சந்தோஷமாக இருப்பதாகச் சொல்.

இப்படிக்கு,
உன்னிடம் வேலை எதுவும் கேட்காத,
அந்தோணிராஜ்
(மூன்று பாஷையில் எச்சரிக்கப்பட்டவன்)

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் படிக்காதே. படித்திருந்தால் மறந்துவிடு. கவரில் ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன், கிழித்துப் போட மனமில்லாமல் அதற்குள்ளேயே இதையும் எழுதுகிறேன்.

என் போனில் சார்ஜ் இல்லை என்று நீ இப்போது கொஞ்சம் முன்னால் மணிகண்டபிரபு போனுக்குக் கூப்பிட்டாயே, அவன் பாதித் தூக்கத்தில் எழும்பி வந்து அண்ணாச்சி ஊரிலிருந்து அக்கா என்று நீட்டினபோது யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் வாங்கினேன். அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுக்காமல் இன்றைக்கே கூட்டம் போட்டு முப்பிடாதிக்கு வேலையைக் கொடுத்துவிட்டோம் என்று நீ சொன்னாய். நல்ல ஆளைத்தான் போட்டிருக்கிறீர்கள். அவனைப் பற்றி மேலே ஏதாவது இருந்தால் அது வேறு முப்பிடாதி. குழுவில் என் பெயரையும் சொன்னார்கள், நீதான் கூடாது என்று தடுத்தாய் என்று நீயே சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஏன் தடுத்தாய் என்று கேட்டேன். அதற்கு நீ சொன்னதை எழுதி வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

“ராவெல்லாம் கூண்டுல போயிக் கெடப்பிய, பகலெல்லாம் தூங்குவிய. அங்கன இருக்கதுக்கும் இங்கன இருக்கதுக்கும் அப்ப என்ன வித்தியாசம்? நான் ஒத்தையில உக்காந்து தின்னு தின்னு அலுத்துப்போச்சு. வேலைக்கு ஒண்ணும் வர வேண்டாம், சும்மா வாங்க” என்றாய்.

இந்த ரூமில் விளக்கைப் போட்டேன் பிரகாசி. ஞாயிறு லீவு என்று தூங்கிக்கொண்டிருந்த மூன்று பையன்களும் எழும்பிவிட்டார்கள், ஒருத்தனும் திட்டவில்லை. மேடத்திடம் நாளைக்குச் சொல்லிவிடுவேன். மீன்களிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. மாசம் முடிகிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் கிளம்ப முடியும். ஒன்றாம் தேதி மத்தியானம் உலையில் அரிசி போடும்போது இரண்டாளுக்குப் போடு.